நாற்பதாம் எண்ணும் பத்தொன்பது நிமிடமும்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் வயரக்கா. கழுத்தில் ஒரு சின்ன டார்ச், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் எந்நேரமும் ஒரு நீல வயர்த் துண்டு. சிரித்த முகம் என்று சொல்ல முடியாது. கூப்பிட்டால் வருவாள், வேலையை முடிப்பாள், போய்விடுவாள். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை, இரண்டு நிமிட வேலை ஒன்றைச் செய்யாமல் விட்டாள். அதற்கப்புறம் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த இரண்டு நிமிடத்தையும் மூன்று நாளையும்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மீதி இருபத்திரண்டு வருடம் உழைத்ததெல்லாம் அடியில் போய்விட்டது. உலகம் அப்படித்தான் கணக்கு வைக்கிறது.

இருபத்திரண்டு வயதில் டெலிபோன் ஆபரேட்டராக உள்ளே வந்தவள். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறையில் நான்கு பெண்கள். தானியங்கி போன் வந்ததும் மூன்று பேருக்கு ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். புது போனைப் பொருத்த வந்தவன் எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்று தெரியாமல் முழித்தபோது, மேசைக்கடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னவள் இவள். அந்த ஒரு மத்தியானத்தால் இவளுக்குக் கைக்கடிகாரம் கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது.

நான்கு வருடத்துக்கு முன்புவரை அந்தக் கட்டடத்தில் எல்லாம் ஒரே சந்தைக்கடை. ஆபீஸ் கம்ப்யூட்டர், போன், கேமரா, நோயாளியின் நெஞ்சில் ஒட்டியிருக்கும் மானிட்டர், பார்க்க வருகிறவர்களின் மொபைல், எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. கீழே காத்திருக்கும் மாப்பிள்ளை ஒருவர் மொபைலில் சினிமா பார்த்தால் மேலே எக்ஸ்ரே படம் திறக்காது. இதைப் பிரித்து வை என்று சொன்னார்கள். வெளியிலிருந்து ஆளைக் கூப்பிடாமல் இவளிடம் சொன்னதற்குக் காரணம், முடியாது என்று சொல்லத் தெரியாத பிறவி என்பதுதான்.

பிரித்து வைப்பதென்றால் புதிதாக வயர் இழுப்பதல்ல. மாடிக்கு ஒரு நெட்வொர்க் சுவிட்ச், கீழே தரைத்தளத்தில் தலைமைப் பெட்டி ஒன்று. விளக்குப் போடுகிற சுவிட்ச் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையாகத் துளைகளும் கண்சிமிட்டும் பச்சை விளக்குகளும் உள்ள தட்டையான இரும்புப் பெட்டி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். பத்து என்றால் ஆபீஸ், இருபது என்றால் போன், முப்பது என்றால் கேமரா, ஐம்பது என்றால் பார்வையாளர். மாடிக்கும் மாடிக்கும் நடுவே ஓடுவது ஒரே ஒரு தடித்த கேபிள்தான். அதில் போகும் தகவல் எல்லாம் தன் எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு போகும். அந்த எண்காரனுக்கு மட்டும் கதவு திறக்கும். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினாலும் முகம் கொடுத்துப் பேசாத குடித்தனங்கள் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. இதற்கு வீலேன் என்று பெயர். இதயப் பிரிவின் மானிட்டர்களுக்கு அவள் நாற்பது என்று எண் கொடுத்தாள். அந்த வாரம்தான் அவளுக்கு நாற்பது முடிந்திருந்தது. மறக்கக் கூடாத எண்ணாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

இந்தப் பெட்டிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எண் பட்டியலை ஒன்றில் எழுதினால் போதும், அதே குழுப் பெயரும் கடவுச்சொல்லும் உள்ள மற்றவை எல்லாம் பார்த்து எழுதிக்கொள்ளும். இரண்டு பெட்டியின் பட்டியல் வேறு வேறாக இருந்தால் எதை நம்புவது? எதன் பட்டியல் அதிக தடவை திருத்தப்பட்டிருக்கிறதோ அதை. எது சரி, எது புதுசு என்று அந்தப் பெட்டிகள் பார்ப்பதில்லை. அதிகம் திருத்தியவன் சொல்வதே வேதம். தொழில் தெரிந்தவர்கள் பழைய பெட்டி ஒன்றை நெட்வொர்க்கில் சேர்க்குமுன் அதன் பட்டியலை அழித்து, திருத்த எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் கை வைப்பார்கள். இரண்டு நிமிட வேலை. ஸ்டோர் அலமாரியின் கதவுக்கு உள்பக்கம் வயரக்காவே ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தாள்: “பழைய பெட்டியா? முதலில் அழி. பிறகு மாட்டு.” ஊருக்கு உபதேசம் எழுதுகிற கை எப்போதும் அழகாகத்தான் எழுதும்.

இதையெல்லாம் அவள் படித்தது வீட்டில், கட்டிலுக்கடியில். கழித்துப் போட்ட சுவிட்ச் ஒன்றை எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். எட்டு மாதம், சமையல் முடிந்ததும் தரையில் உட்கார்ந்து எண்களைச் சேர்ப்பாள், அழிப்பாள், மறுபடி சேர்ப்பாள். குழுப் பெயர் கேட்டபோது புதிதாக ஒன்றை யோசிக்கச் சோம்பல்பட்டு ஆஸ்பத்திரிப் பெயரையே கொடுத்தாள், கடவுச்சொல்லும் அதே; பிறகு ஆஸ்பத்திரிப் பெட்டிகளுக்கும் அவற்றையே வைத்தாள். பெட்டிக்குள்ளிருக்கும் விசிறி ராப்பகலாக இரைந்தது.

“கட்டிலுக்கடியில உங்கம்மாவ வச்சிருக்கியா? ஓயாம முணுமுணுங்குது” என்பார் வீட்டுக்காரர்.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், வேலையும் போய், வாய் மட்டும் போகாமல் இருந்தார். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அந்த ஆஸ்பத்திரியிலேயே முதல் மாடியில், ஜன்னலோரப் படுக்கை. பணியாளர் குடும்பம் என்பதால் கிடைத்த இடம். வெளியாள் என்றால் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்தவர்களில் பாதிப்பேர் முறை வரும்போது இருக்கவில்லை. அவருக்கு உயிர் என்பது அந்த ஜன்னலோரம்தான். அதை வயரக்கா ஒரு நாளும் மறந்ததில்லை.

டயாலிசிஸ் பிரிவில் முதல் இரண்டு வருடம் அவருக்கு ஊசி குத்தியவள் ஒரு நர்ஸ். பேச்சை நிறுத்தத் தெரியாதவள். அவர்தான் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தார். அது கட்டடம் முழுக்க ஒட்டிக்கொண்டது. “சார், நீங்க பேசினா எனக்கு நரம்பு தெரிய மாட்டேங்குது” என்பாள். “நீ பேசினா எனக்கு ஊசி தெரிய மாட்டேங்குது, பேசு பேசு” என்பார் அவர். பிறகு அவளை இரண்டாம் மாடி இதயப் பிரிவுக்கு மாற்றினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வயரக்காவின் அறைக்கு வந்துவிடுவாள். இவள் பேசாதவள், அவள் நிறுத்தாதவள். பொருத்தம் பிரமாதமாக இருந்தது. பயிற்சி முடிந்து சுவிட்சைத் திரும்பக் கொண்டுவந்து, “நல்ல நிலையில் உள்ளது” என்று சீட்டு ஒட்டி ஸ்டோர் அலமாரியில் வைத்தபோது, தூக்குவதற்கு ஒரு பக்கம் பிடித்தவள்கூட வாயாடிதான்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு மூன்றாம் மாடியில் ஏசி ஒழுகி, அதன் கீழே இருந்த சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கி, பெட்டி செத்தது. மூன்றாம் மாடி அறுவைசிகிச்சைப் பிரிவு. கம்ப்யூட்டரும் போனும் கேமராவும் ஒரே நொடியில் போயின. நிர்வாக அதிகாரி ஓடி வந்தார். நிமிடத்துக்கொரு முறை மணிக்கட்டைத் தூக்கிப் பார்ப்பவர் என்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அரை மணி சார்.”

“பதினஞ்சு நிமிஷம். உள்ள ஆப்பரேஷன் நடக்குது, டாக்டர் என்னைத்தான் திட்டுறாரு. கை நடக்கட்டும், பேச்சு வேணாம்.”

அவள் ஸ்டோருக்கு ஓடினாள். இருந்தது ஒரே ஒரு பெட்டி, கட்டிலுக்கடியில் முணுமுணுத்த அதே பெட்டி. அலமாரிக் கதவு அகலத் திறந்து சுவரோடு ஒட்டிக்கிடந்தது. அவள் எழுதிய தாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடிக்கான அமைப்பை அதில் ஏற்றினாள், ஒவ்வொரு துளையையும் சரிபார்த்தாள். உள்ளே தனியாக, வேறொரு மூலையில் கிடந்த பழைய எண் பட்டியலை அழிக்கவில்லை. மறந்தாளா? முழுக்க மறந்தாள் என்று சொல்ல அவளாலேயே பிற்பாடு முடியவில்லை. ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது என்று மனசின் ஓரத்தில் உறுத்தியது. கடிகாரம் மணிக்கட்டைத் தூக்கினார். இரண்டு பன்னிரண்டுக்குத் தடித்த கேபிளைச் செருகினாள்.

ஆஸ்பத்திரிப் பெட்டிகளின் பட்டியல் அதுவரை திருத்தப்பட்டது முப்பத்தொரு தடவை. கட்டிலுக்கடியில் படித்த பெட்டியின் பட்டியல் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. மற்ற பெட்டிகள் எல்லாம் ஒரு நொடி யோசிக்கவில்லை. தங்கள் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவன் பட்டியலை எழுதிக்கொண்டன. அதில் பத்து இருந்தது, இருபது இருந்தது, சோதனைக்கென்று அவள் போட்ட தொண்ணூற்றொன்பது இருந்தது. முப்பது இல்லை, நாற்பது இல்லை, ஐம்பது இல்லை.

வம்பு எங்கே என்றால், பத்தும் இருபதும் இருந்ததுதான். மூன்றாம் மாடிக் கம்ப்யூட்டர் எழுந்தது, போன் அடித்தது. “வெரிகுட்” என்று கடிகாரம் கீழே இறங்கிப் போனார். அவளும் கருவிகளை மூட்டை கட்டினாள். அறைக்குத் திரும்பும் வழியில் முதல் மாடி டயாலிசிஸ் நர்ஸ் கூப்பிட்டாள், வீட்டுக்காரருக்குக் கால் சதை பிடித்துக்கொண்டு துடிக்கிறாராம். போனாள். கட்டிலோரம் உட்கார்ந்து கெண்டைக்காலை அழுத்திப் பிடித்துவிட்டாள்.

“கட்டிலுக்கடியில முணுமுணுத்த உங்கம்மா இப்ப எங்க?” என்று கேட்டார் அவர், வலியோடு.

“மூணாவது மாடிக்குக் குடியேத்திட்டு வந்தேன்” என்றாள் அவள். அவள் அப்படி நகைச்சுவையாகப் பேசுவது அபூர்வம். அவர் சிரித்தார்.

அவள் கேபிளைச் செருகிய நொடியிலேயே மேலே இரண்டாம் மாடியில், அறைகளின் மானிட்டர்களையெல்லாம் ஒன்றாகக் காட்டும் நர்ஸ் மேசைப் பெரிய திரையில் ஆறு கட்டங்களும் சாம்பல் நிறமாகிவிட்டன. வாயாடி அப்போது இரண்டாம் அறைக்குள் இருந்தாள். கூட இருக்க வேண்டிய இன்னொரு நர்ஸ் ஒரு நோயாளியோடு ஸ்கேனுக்குப் போயிருந்தாள். இரண்டாம் அறைக்காரர் மயக்கத்தில் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டு ரத்தம் கொட்ட உட்கார்ந்திருந்தார். யாருக்காவது ஏதாவது ஆனால் திரை பெரிதாக மணி அடிக்கும், ஓடலாம் என்ற நம்பிக்கையில் அவருக்குக் கட்டுப் போட்டாள். திரை அடிக்கவில்லை. அடிக்க அதற்கு ஒன்றும் வந்து சேரவில்லை. இரண்டு இருபதுக்கு பஞ்சு எடுக்க வெளியே வந்தவள் சாம்பல் திரையைப் பார்த்து வயரக்காவுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் அறையில் மறுபடி ரத்தம். உள்ளே ஓடினாள்.

தாழ்வாரத்தின் கடைசியில், கதவு சாத்திய ஐந்தாம் அறையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். வியாழக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டியவர். அவர் தலைமாட்டு மானிட்டர் இரண்டு பதினேழிலிருந்து அலறிக்கொண்டிருந்தது, கதவுக்கு உள்ளே. இரண்டு இருபத்தெட்டுக்கு வாயாடி அந்தக் கதவைத் திறந்தாள்.

கேமராக்கள் கறுத்துவிட்டன என்று வாசல் காவலாளி தேடி வந்து சொன்ன பிறகுதான் வயரக்கா தன் அறைக்கு வந்து பட்டியலைத் திறந்தாள். மூன்று எண்களைக் காணோம். முப்பது, நாற்பது, ஐம்பது என்று வரிசையாகத் தட்டினாள். பச்சை விளக்குகள் திரும்பி வந்தன. மணி இரண்டு முப்பத்தொன்று. நாற்பது என்று தட்டும்போதே அது எந்த எண் என்று அவளுக்குத் தெரியும். படிகளில் ஏறி ஓடினாள். ஐந்தாம் அறை வாசலில் கூட்டம். பழம் வாங்கக் கீழே போய்விட்டுத் திரும்பிய மகள் தாழ்வாரத்தில் நின்று வாயாடியின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

“பாத்துட்டே இருப்போம்னு சொன்னீங்களே! ஸ்கிரீன்ல பாத்துட்டே இருப்போம், நீங்க கவலைப்படாம போங்கன்னு நீங்கதானே சொன்னீங்க!”

வாயாடியின் கைகளில் இரண்டாம் அறைக்காரரின் ரத்தம் காயாமல் இருந்தது. வயரக்கா படியிலேயே நின்றாள், திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல. பிறகு வந்த வழியே இறங்கினாள்.

அறையில் மேசைப் போனின் சின்னத் திரையில் ஒரு வரி இருந்தது. தவறிய அழைப்பு ஒன்று, இரண்டாம் மாடி, இரண்டு இருபது. அவள் அதையே பார்த்தாள். கை தானாகப் போய் பட்டனை அழுத்தியது. வரி மறைந்தது. கை தானாகப் போயிற்று என்றுதான் அவள் பிற்பாடும் சொன்னாள். நமக்கெல்லாம் வேண்டாத வேலையைச் செய்கிறபோதுதான் கை தானாகப் போகும்.

சாயங்காலம் கடிகாரம் வந்து கேட்டார். “நெட்வொர்க்ல ஏதாவது கோளாறு இருந்துதா?”

“மூணாவது மாடிப் பெட்டியை மாத்தினேன் சார்.”

“அது எனக்கே தெரியுமே. ரெண்டாவது மாடியில?”

“நான் ரெண்டாவது மாடியில கையே வைக்கல சார்.”

அதில் பொய் ஒன்றுமில்லை. அவர் நிம்மதியாக எழுதிக்கொண்டார். அவசரப்படுத்தியவர் அவர்தானே, அவருக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

வாயாடியின் பேச்சை யாரும் நம்பவில்லை. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. தலைமாட்டு மானிட்டர்கள் தொடர்பு அறுந்தாலும் தங்கள் பதிவைத் தாங்களே சேர்த்து வைத்திருக்கும். தொடர்பு திரும்பியதும் பெரிய திரைக்கு அனுப்பி இடைவெளியை நிரப்பிவிடும். நல்ல ஏற்பாடு என்றுதான் விற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் விசாரணைக்கு அச்சடித்து எடுத்த தாளில் கோடு ஒரு இடத்திலும் விடவில்லை. இரண்டு பதினேழுக்கு அலாரம், அப்புறம் பதினொரு நிமிடம் யாரும் போகவில்லை. “திரை சாம்பலா இருந்துது” என்று அவள் சொல்ல, தாளை அவள் முன் நீட்டினார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை முழு விசாரணை. நர்ஸ் பதிவையே ரத்து செய்யச் சொல்லி எழுதப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

உண்மை ஒரே இடத்தில்தான் இருந்தது, தலைமைப் பெட்டியின் லாக்கில். எது எப்போது நடந்தது என்று வரி வரியாக அதுவே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. செவ்வாய் சாயங்காலமே அவள் திறந்து பார்த்தாள். இரண்டு பன்னிரண்டு, பட்டியல் மாறியது. இரண்டு முப்பத்தொன்று, நாற்பது திரும்பியது. இரண்டு வரியும் பட்டப்பகலாக நின்றன. ஆனால் அந்த நினைவகம் சின்னது, சில நூறு வரிதான் கொள்ளும். புது வரி கீழே சேரச்சேர மேலே உள்ளது உதிர்ந்துபோகும். கேன்டீன் டிவியின் வயர் லூசாக இருந்ததால் அரை மணிக்கொரு தடவை அது அறுந்து ஒட்டும். அறுந்தால் ஒரு வரி, ஒட்டினால் ஒரு வரி. சரி பண்ணுங்கக்கா என்று கேன்டீன்காரர் ஒரு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கையில் மொபைல் இருந்தது. திரையை ஒரு படம் எடுத்தால் போதும். எடுக்கவில்லை. அழிக்கவும் இல்லை. அழித்தால் அது குற்றம், தானாகப் போனால் அது விதி என்று ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டாள். புதன்கிழமை பார்த்தபோது அந்த வரிகள் நடுவில் இருந்தன. வியாழக்கிழமை உச்சியை நெருங்கியிருந்தன. டிவி அறுந்தது, ஒட்டியது. அவள் மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. மத்தியானம் எதிர் நாற்காலி காலியாகக் கிடக்க, டப்பாவைத் திறந்து மூடி வைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்டார். “வாயாடி விஷயம் கேள்விப்பட்டேன். டயாலிசிஸ் நர்ஸ் போன்ல சொன்னா. அவ அப்படி விடறவ இல்லையே?”

அவள் உடைந்துபோனாள். பெட்டி, பட்டியல், அழைப்பு, பட்டன், எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒரு கிண்டல் இல்லை.

“ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“எனக்கு வேலை போச்சுன்னா உங்க இடம் போயிடும்ங்க. அந்த ஜன்னலோரம். அப்புறம் நீங்க...”

“என்னைக் காரணமா வச்சுக்காதே.” குரல் உயரவில்லை. “என் காலைப் புடிச்சு விட்டுட்டிருந்தப்ப அந்தாளு செத்தாரு. அதுவே எனக்குப் போதும். இதையும் என் தலையில கட்டாதே. நாளைக்குப் போயி சொல்லு.”

“நீங்க?”

“நான் எப்படியும் போறவன்தான். நீ இப்படியே இருந்தேன்னா எனக்கு இருக்கறதுக்கே மனசு இல்ல.”

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அவள் தலைமைப் பெட்டி முன் உட்கார்ந்துவிட்டாள். லாக்கைத் திறந்தாள். முதல் வரி: செவ்வாய், இரண்டு நாற்பத்தாறு, கேன்டீன் டிவி அறுந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. பெரிய திரையின் கோடு முழுசாக இருந்தது, போனில் அழைப்பு இல்லை, லாக்கில் வரி இல்லை. திருத்த எண்ணிக்கை மட்டும் இருநூற்றுச் சொச்சம் காட்டியது. அது எந்தத் தேதியையும் சொல்லாது.

ஆனாலும் போய்ச் சொன்னாள். விசாரணை ஆரம்பிக்குமுன் கடிகாரத்தின் அறையில், நின்றபடியே, ஒன்று விடாமல். அவர் ஒரு முறைகூட மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

“ஆதாரம்?”

“இல்ல சார். போயிடுச்சு.”

“அப்ப எதைக் காட்டி நான் உங்களை நம்பறது? சிநேகிதிக்காகச் சொல்றீங்கன்னுதான் எல்லாரும் சொல்வாங்க.” அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். குரல் கனிந்துவிட்டது. “இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ். இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல? வீட்டுக்காரர் வந்துட்டாரா? போயி அவரப் பாருங்கம்மா.”

அவள் போனாள். அவர் ஜன்னலோரம் படுத்திருந்தார். இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலம் விசாரணை முடிந்தது. வாயாடிக்கு வேலை இல்லை. பதிவை ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் தயாராகிறது.

சனிக்கிழமை காலை வயரக்கா வாயாடியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு அறை வீடு. துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சீருடை ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. வாயாடி தலைகூட வாரியிருக்கவில்லை. உட்காரச் சொன்னாள். வயரக்கா நின்றுகொண்டே சொன்னாள். திரை நிஜமாகவே போனது என்று சொன்ன இடத்தில் வாயாடி அவள் கையைப் பிடித்தாள்.

“நிஜமாவா அக்கா? நிஜமாவே சாம்பலா இருந்துதா?”

“ஆமா.”

“நான்தான் பாக்காம விட்டுட்டு, அப்புறம் எனக்கு நானே கதை கட்டிக்கிட்டேனோன்னு நினைச்சேன்க்கா. அந்தத் தாளைப் பாத்தீங்கள்ல? கோடு அப்படியே இருக்கு. நாலு நாளா தூங்கல. எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். உங்களுக்குப் போன் பண்ணேன்ல? மணி அடிச்சுதுல்ல?”

“அடிச்சிருக்கு. ரெண்டு இருபது.”

அவள் விம்மி விம்மி அழுதாள், சந்தோஷம் மாதிரி. பிடித்த கையை விடவில்லை. பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

“ரெண்டு இருபதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வயரக்கா சொன்னாள். பட்டனைச் சொன்னாள். மூன்று நாள் லாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள். கேட்கக் கேட்க வாயாடியின் பிடி தளர்ந்தது. கடைசியில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மறந்ததுக்கு நான் உங்களைத் திட்ட மாட்டேன். நானும் அந்தக் கதவைத் திறந்து பாத்திருக்கணும். இருபது அடி தூரம்தான். ஆனா நீங்க பட்டனை அழுத்தினீங்களே.” உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “இப்ப சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. இதை எங்க கொடுப்பேன்னு எனக்கே தெரியாது. எங்கயாவது கொடுப்பேன்.”

வயரக்கா உட்கார்ந்து எழுதினாள். நான்கு பக்கம். கையெழுத்துப் போடும்போது ஜன்னலோரப் படுக்கை கண்முன் வந்தது. போட்டாள். வாயாடி கதவைத் திறந்து நின்றாள்.

அந்த நான்கு பக்கம் நர்ஸ் பதிவுக்காரர்களிடம் போயிற்று. அவர்கள் பெட்டியைக் கழற்றிப் பார்க்க ஆள் அனுப்பினார்கள். இருநூற்றுச் சொச்சம் என்ற எண்ணுக்கு ஆஸ்பத்திரியால் வேறு விளக்கம் கொடுக்க முடியவில்லை. வாயாடியின் பதிவு பிழைத்தது. வேலை திரும்பவில்லை, வேறு ஊரில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்துகொண்டாள். பஸ் டிரைவரின் மகள் வழக்குப் போட்டாள். கடிகாரம் அதே நாற்காலியில்தான் இருந்தார். வயரக்காவைப் பத்து நாளில் வெளியே அனுப்பினார்கள், இந்த முறையும் கைக்கடிகாரம் இல்லாமல். அடுத்த செவ்வாயே ஜன்னலோரத்தில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் கிடைத்தது, சில வாரம் அதுவும் இல்லை. அவருக்குக் கால் வீங்கியது, மூச்சு இரைத்தது. “இப்ப நான் முணுமுணுக்கிறேன் பாரு” என்றார் ஒரு நாள். ஐந்து மாதம் இருந்தார். மழைக்காலம் முடியும்போது, ஒரு காலை பத்து மணிக்கு, அவள் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோதே போனார்.

வீடு முழுக்க உறவு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வாயாடி உள்ளே வந்தாள். அவர் பக்கத்தில் மண்டியிட்டு, கையில் ஒட்டியிருந்த பழைய பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் தொட்டு நனைத்து, தோல் உரியாமல் எடுத்தாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். விரல்களை நீட்டி நெஞ்சின் மேல் சேர்த்து வைத்தாள். எழுந்தபோது எதிரே வயரக்கா நின்றிருந்தாள்.

“நான் வந்தது அவருக்காக” என்றாள் வாயாடி. “உங்களுக்காக இல்ல.”

“தெரியும்.”

வாயாடி அந்தப் பிளாஸ்திரித் துண்டுகளை உள்ளங்கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, போட இடம் தேடி வெளியே போனாள். வயரக்கா அவர் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.